ஈப்போ எஃப்.எம்.எஸ். பாரும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்: நிற்பதும் மறைந்ததும்

ஈப்போ பாடாங்கின் எதிரே, ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் உள்ள பழைய கடைவீடு ஒன்று நூறாண்டுக்கும் மேற்பட்ட பெயரைத் தாங்கி நிற்கிறது. அதுதான் எஃப்.எம்.எஸ். பார். 1906-ஆம் ஆண்டு ஹைனான் சீனர் ஒருவரால் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த மதுக்கூடமும் உணவகமும், நாட்டிலேயே மிகப் பழைய உணவகம் என்று பலராலும் குறிப்பிடப்படுகிறது. ஈயச் சுரங்க முதலாளிகளும் ரப்பர் தோட்டத் துரைமார்களும் இங்கே அமர்ந்து குடித்தார்கள், சாப்பிட்டார்கள், விலை பேசினார்கள்.

அதே காலத்தில், அதே துரைமார்களின் தோட்டங்களில் இன்னொரு மதுக்கூடம் இருந்தது. அதன் பெயர் கள்ளுக்கடை. பால்மரம் வெட்டிய கைகளின் கூலியில் ஒரு பகுதி அங்கே போனது. எஃப்.எம்.எஸ். பாரைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. கள்ளுக்கடை இருந்த இடத்தில் இன்று செம்பனையோ வீடமைப்புப் பகுதியோதான் இருக்கிறது. பேராக்கின் இந்த இரண்டு மதுக்கூடங்களின் வரலாற்றையும், அவற்றில் எஞ்சியிருப்பதை எப்படி வாசிப்பது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரில் தங்கிய நாடு

எஃப்.எம்.எஸ். என்பது ஐக்கிய மலாய் மாநிலங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரும் உடன்படிக்கை 1895-இல் கையெழுத்தானது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர் தலைநகரானது. நான்கு மாநில ஆட்சியாளர்களும் கூடிய முதல் தர்பார் 1897-இல் பேராக்கின் கோலகங்சாரில் நடந்தது.

இந்த அரசமைப்பு 1946-இல் மலாயன் யூனியன் உருவானபோது முடிவுக்கு வந்தது. அந்தப் பெயரில் ஓடிய ரயில்களும் வேறு பெயர் பெற்றன. ஆனால் மதுக்கூடத்தின் பெயர்ப்பலகையில் அந்த மூன்று எழுத்துகள் மட்டும் மாறவில்லை. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 'டர்பார்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் உணவகமாகத் திறக்கப்பட்டது. அந்தச் சொல் 1897-இன் கோலகங்சார் கூட்டத்தை நினைவூட்டுகிறது.

மதுக்கூடம் நிற்கும் சாலையின் பழைய பெயர் புரூஸ்டர் ரோடு. கிந்தா மாவட்ட அதிகாரியாக இருந்த புரூஸ்டரின் பெயர் அது. சுதந்திரத்துக்குப் பிறகு சாலைக்குப் பேராக் சுல்தானின் பெயர் வந்தது. ஈப்போவின் பழைய ஆவணங்களையோ விளம்பரங்களையோ தேடுகிறவர்கள் இரண்டு பெயர்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே இடம் இரண்டு பெயர்களில் பதிவாகியிருக்கும்.

ஈயமும் ரப்பரும் கட்டிய ஊர்

ஈப்போ கிந்தா ஆற்றங்கரையில் வளர்ந்த ஊர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் முக்கிய ஈய வயல்களில் ஒன்றாக இருந்தது. 1892-இல் ஏற்பட்ட பெரும் தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதன் பிறகே நேர்கோட்டுத் தெருக்களும் செங்கல் கடைவீடுகளும் கொண்ட இன்றைய பழைய நகரம் எழுந்தது. பர்ச் நினைவு மணிக்கூண்டு 1909-இல் கட்டப்பட்டது. ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வரைந்த ரயில் நிலையம் 1917-இல் நிறைவடைந்தது. 1937-இல் தைப்பிங்கிலிருந்து மாநிலத் தலைநகர் தகுதியும் ஈப்போவுக்கு வந்தது.

ஈயத்தோடு ரப்பரும் சேர்ந்தது. 1877-இல் லண்டன் கியூ பூங்காவின் வழியே சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை வளர்த்தார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்றை இன்றும் கோலகங்சாரில் காணலாம். மோட்டார் வாகனங்களுக்கு டயர் தேவைப்பட்டபோது ரப்பர் விலை ஏறியது. 1910-இல் விலை உச்சத்தைத் தொட்டது. காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள்.

எஃப்.எம்.எஸ். பார் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் 1906 இந்த ஏற்றத்தின் நடுவில் வருகிறது. கையில் பணம் புழங்கிய, குடும்பத்தை விட்டுத் தனியே வந்த வெள்ளைக்காரர்கள் ஊரில் பெருகினார்கள். சுரங்கத்திலும் தோட்டத்திலும் தனிமையில் கிடந்தவர்களுக்கு வார இறுதியில் கூட ஓர் இடம் வேண்டியிருந்தது. பாடாங்கில் விளையாட்டு முடிந்ததும் சாலையைக் கடந்தால் மதுக்கூடம். இடத்தேர்வு தற்செயலானது அல்ல.

சமையல்கட்டிலிருந்து முதலாளி நாற்காலிக்கு

ஆங்கிலேயர் கூடிய மதுக்கூடத்தை ஹைனான் சீனர் நடத்தியது ஏன் என்ற கேள்வி எழலாம். மலாயாவுக்கு வந்த சீனப் பிரிவினரில் ஹைனான் மக்கள் தாமதமாக வந்தவர்கள். ஈயச் சுரங்கங்கள் ஏற்கெனவே ஹக்கா, கான்டனீஸ் மக்களின் கையில் இருந்தன. வணிகத்தை ஹொக்கியன் மக்கள் பிடித்திருந்தார்கள். எனவே ஹைனான்காரர்கள் பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கிளப்புகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாகவும் பரிமாறுபவர்களாகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அங்கே கற்ற மேல்நாட்டுச் சமையலை அவர்கள் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றினார்கள். கோழி சாப், மாட்டுவால் சூப், ஓட்டில் வைத்துச் சுட்ட நண்டு போன்றவை அப்படிப் பிறந்தவை. காப்பிக்கடைகளின் ரொட்டியும் காயாவும் அவர்களால் பரவியவைதான். வேலைக்காரர்களாக உள்ளே போனவர்கள், எஜமானர்களின் சுவையைத் தெரிந்துகொண்டு, அவர்களுக்கே விற்கும் கடைக்காரர்களாக வெளியே வந்தார்கள். எஃப்.எம்.எஸ். பாரின் கதை இந்தப் பெரிய கதையின் ஒரு பகுதி.

மதுக்கூடத்தின் பேச்சுமொழியும் கலவையாகவே இருந்தது. மலாயாவின் வெள்ளைக்காரர்கள் விஸ்கியும் சோடாவும் கலந்ததை 'ஸ்தெங்ஙா' என்று கேட்டார்கள். பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல் அது. கசப்புச் சாறு சேர்த்த ஜின்னுக்கு 'பாகிட்' என்ற மலாய்ச் சொல்லைச் சேர்த்தார்கள். கணக்குக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் துண்டுத்தாளை 'சிட்' என்றார்கள். இந்தியாவிலிருந்து அவர்களோடு வந்த சொல் அது. கையில் காசில்லாமல் குடித்துவிட்டு மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் வசதி துரைமார்களுக்கு இருந்தது.

மூன்று படிகள்

அக்காலப் பேராக்கில் யார் எங்கே குடிக்கலாம் என்பதை இனமும் பதவியும் முடிவு செய்தன. மேல்படியில் கிளப். ஈப்போ கிளப் 1895-இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர் ஆனால்தான் அங்கே இடம். உயர் அதிகாரிகளும் பெரிய துரைமார்களும் கூடிய இடம் அது.

நடுப்படியில் எஃப்.எம்.எஸ். போன்ற பார்கள். இங்கே உறுப்பினர் சீட்டு வேண்டாம். காசும் உடுப்பும் இருந்தால் போதும். சின்னத் துரைகள், சுரங்கப் பொறியாளர்கள், சீன முதலாளிகள், வழக்கறிஞர்கள் எனப் பலதரப்பினரும் வர முடிந்தது. ஆனால் கித்தா மரம் வெட்டும் தொழிலாளி அந்த வாசலுக்கு வருவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும்தான். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அதுவும் வெட்டப்பட்டது. விலைப்பட்டியலே ஒரு வேலியாக இருந்தது.

கீழ்ப்படியில் கள்ளுக்கடை. அது ஊரில் இல்லை, தோட்டத்துக்குள்ளேயே லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

'பப்' என்றால் என்ன?

எஃப்.எம்.எஸ். பார் போன்ற இடங்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் 'பப்'. 'பொதுவீடு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. தொடக்கத்தில் மூன்று வகைக் கடைகள் இருந்தன. வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்பது ஒன்று. திராட்சை மது விற்பது இரண்டாவது. பயணிக்குப் படுக்கையும் குதிரைக்குத் தீனியும் தரும் சத்திரம் மூன்றாவது. 1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் பீர் விற்கும் கடைகள் வெளியே அடையாளப் பலகை வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். எழுத்துத் தெரியாத மக்களுக்காகப் பலகையில் சிங்கம், கிரீடம், மணி என்று படம் வரைந்தார்கள். இன்றைய பப்களின் விசித்திரமான பெயர்கள் பல அப்படி வந்தவை. 1552-இல் உரிமம் கட்டாயமானது.

'மிகப் பழைய பப்' என்ற பட்டத்துக்கு இங்கிலாந்தில் ஓயாத போட்டி உண்டு. செமினியில் கிளை வளாகம் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் ஊரான நாட்டிங்காமில், கோட்டைப் பாறையை ஒட்டி 'ஜெருசலேம் பயணம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பப் இருக்கிறது. அதன் சுவரில் 1189 என்ற ஆண்டு எழுதப்பட்டுள்ளது. சிலுவைப் போருக்குப் புறப்பட்ட வீரர்கள் அங்கே குடித்துவிட்டுப் போனார்கள் என்பது ஊர்க்கதை. ஆனால் இன்று நிற்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

அதற்காகக் கதை முழுவதும் பொய் என்று ஆகிவிடாது. கட்டடத்தின் பின்பகுதி மணற்பாறையில் குடைந்த குகைகள். நாட்டிங்காம் நகரின் அடியில் இப்படி 800-க்கும் மேற்பட்ட குகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியில் இருக்கும் குகை பீர் காய்ச்சுவதற்கும் சேமிப்பதற்கும் ஏற்றது. கட்டடம் புதிதாக இருக்கலாம், குகை பழையதாக இருக்கலாம், பெயர் இரண்டுக்கும் இடையில் வந்திருக்கலாம். தொல்லியல் இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கிறது.

இதே கேள்வியை எஃப்.எம்.எஸ். பாருக்கும் கேட்க வேண்டும். 1906 என்பது தொழிலின் வயது. அந்தத் தொழில் தொடக்கத்தில் வேறோர் இடத்தில் நடந்து, பிறகுதான் பாடாங் ஓரத்துக்கு வந்தது. கட்டடத்தின் வயது வேறு, தொழிலின் வயது வேறு, பெயரின் வயது வேறு. 'நூறாண்டுப் பழமை' என்று சொல்லும்போது எதன் பழமை என்று தெளிவாகச் சொல்வதே நேர்மையான வரலாறு.

கட்டடத்தை வாசிப்பது எப்படி?

தொல்லியல் என்றால் மண்ணைத் தோண்டுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்கும் கட்டடத்தையும் அதே முறையில் வாசிக்கலாம். கடைவீட்டின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை, 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து தீபகற்பம் முழுவதும் பரவிய அமைப்பு. வெயிலிலும் மழையிலும் நடப்பவருக்கு நிழல் தருவதற்காகக் கடை முகப்பை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். ஆழமான வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் கொண்டுவர நடுவில் திறந்த முற்றம் விட்டார்கள்.

சுவரைச் சுரண்டினால் சாயத்தின் அடுக்குகள் தெரியும். அடியில் சுண்ணாம்பு, மேலே எண்ணெய்ச் சாயம், அதற்கும் மேலே இன்றைய பிளாஸ்டிக் சாயம். சுண்ணாம்புச் சாந்துக்கு நடுவே சிமெண்ட் பூச்சு இருந்தால் அங்கே பின்னாளில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தரை ஓடுகளின் பின்புறத்தில் தயாரித்தவரின் முத்திரை இருக்கும். உத்தரத்தில் பயனில்லாத ஆணித்துளைகள் இருந்தால், அங்கே முன்பு ஒரு தடுப்போ படிக்கட்டோ இருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் மரத்தின் வளையங்களை எண்ணி, அது எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றே கண்டுபிடித்துவிடுவார்கள். குளிர்காலத்தில் மரம் வளராமல் நிற்பதால் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும் இருப்பதால் பெரும்பாலான மரங்களில் அப்படித் தெளிவான வளையம் விழுவதில்லை. எனவே இங்கே ஆவணங்களுக்கும் பழைய படங்களுக்கும் மனிதர்களின் நினைவுக்கும் கூடுதல் மதிப்பு.

பழைய பப்களின் பின்கட்டுக் கழிவுக்குழிகளும் கிணறுகளும் இங்கிலாந்துத் தொல்லியலுக்குப் புதையல்கள். உடைந்த குவளைகள், சிப்பி ஓடுகள், களிமண் புகைக்குழாய்கள், கடைக்காரரின் முத்திரை பதித்த மதுப் புட்டிகள் அவற்றில் கிடைக்கின்றன. புகையிலை மலிவாக மலிவாகப் புகைக்குழாயின் கிண்ணம் பெரிதானது. அதன் அளவைப் பார்த்தே காலத்தைக் கணிக்கிறார்கள். குடித்தவர்கள் எழுதி வைக்காத வரலாற்றை அவர்கள் எறிந்த குப்பை சொல்கிறது.

கள்ளுக்கடையின் கணக்கு

தென்னம்பாளையைச் சீவினால் இனிப்பான சாறு சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராக இருக்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்கும். பொதுவாகக் கள்ளில் 4 முதல் 6 விழுக்காடு சாராயம் இருக்கும். ஒரு நாள் தாண்டினால் புளித்துக் காடியாகிவிடும். புட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பவோ மாதக்கணக்கில் வைத்திருக்கவோ முடியாது. அதனால்தான் கள்ளுக்கடை தென்னைக்கும் குடிப்பவருக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. பாகான் டத்தோ போன்ற கடலோரப் பகுதிகளின் தென்னந்தோட்டங்கள் பேராக்கில் கள்ளுக்குப் பெயர் பெற்றவை.

கள் இறக்குவதும் விற்பதும் அரசாங்க உரிமத்தின் கீழ் நடந்தன. தோட்டத்துக் கள்ளுக்கடையை நிர்வாகம் நடத்தியது அல்லது நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்தது. வரும் ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடக் 'கள்ளு நிதி' என்ற ஏற்பாடும் இருந்தது. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போய், அதில் ஒரு துளி நலநிதியாகத் திரும்பி வந்தது.

நிர்வாகங்களும் அதிகாரிகளும் ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளி கள்ளச் சம்சுவைத் தேடிப் போவான், அது உடலைக் கெடுக்கும், கட்டுப்பாட்டில் உள்ள கள் அதைவிட மேல் என்பதே அந்த வாதம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் நாள் முழுவதும் உழைத்தவனுக்குக் கள்ளைத் தவிர வேறு பொழுதுபோக்கு ஏன் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு இல்லாத அக்கறை கள்ளுக்கடைக்கு ஏன் என்ற கேள்விகளுக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

இழப்பின் பெரும்பகுதி பெண்கள் மீது விழுந்தது. அவர்களும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் சுமந்தார்கள். சம்பள நாளில் வீட்டுக்கு வந்து சேராத கூலிக்கு ஈடாகக் கடன் வாங்கியவர்களும், குடித்து வந்தவரின் அடியைத் தாங்கியவர்களும் அவர்கள்தான்.

தொழிலாளர்களே எழுப்பிய குரல்

கள்ளுக்கடைக்கு எதிரான குரல் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த பெரும் தோட்ட வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து வைக்கப்பட்ட கோரிக்கைகளில் ஒன்று தோட்டங்களில் கள்ளுக்கடைகளை மூடுவது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அதே பட்டியலில் இருந்தது. இரண்டையும் தொழிலாளர்கள் தன்மானப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். ராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் கெடாவில் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. அதன் இளைஞர்கள் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தார்கள். குடிப்பவர்களைத் தடுத்தார்கள். 1947-இல் போலீசாருடன் மோதல் மூண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. தமிழகத்தில் காந்தியடிகளின் மதுவிலக்கு இயக்கம் கள்ளுக்கடை மறியலை நடத்தியதும், சுயமரியாதை இயக்கம் மலாயாத் தமிழர்களிடையே பரவியதும் இந்தப் போராட்டங்களுக்குப் பின்புலமாக அமைந்தன.

பேராக்கில் அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் முள்வேலிக்குள் வந்தன. துரைமார்கள் துப்பாக்கியோடு ஈப்போவுக்குப் பயணம் செய்தார்கள். தொழிலாளர்களின் கூட்டங்களும் இயக்கங்களும் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கள்ளுக்கடையோ தொடர்ந்து நடந்தது.

கடை மூடியது எப்படி?

பெரும்பாலான தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு முடிவு கட்டியது போராட்டமும் அல்ல, சட்டமும் அல்ல. தோட்டமே இல்லாமல் போனதுதான். 1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் வெளியேறத் தொடங்கியபோது தோட்டத் துண்டாடல் தலைதூக்கியது. பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. இதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைத் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. அதன் பிறகு நகரங்கள் விரிந்து தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. கள்ளுக்கடைக் கொட்டகை பலகையாலும் தகரத்தாலும் ஆனது. லயங்களோடு அதையும் ஒரே நாளில் இடித்துத் தள்ளினார்கள். இடம் பெயர்ந்த மக்களில் சிலர் பட்டணத்து மலிவுச் சம்சுவுக்கு மாறினார்கள். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மது பலரது உயிரைப் பறித்தது. மலிவு மதுவின் ஆபத்து கள்ளுக்கடையோடு முடிந்துவிடவில்லை.

எதை வைத்து வரலாறு எழுதுவது?

எஃப்.எம்.எஸ். பாருக்குச் செங்கல் சுவர் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, வந்து போனவர்களின் குறிப்புகள் இருக்கின்றன. பத்து காஜா அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கெல்லி மாளிகையை இன்று சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திப் பார்க்கிறார்கள். அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் அருகிலேயே இருக்கிறது. அதன் மேல்தளச் சிற்பங்களில் துரையின் உருவமும் ஒன்று. மாளிகையும் கோயிலும் நிற்கின்றன. தொழிலாளர்கள் வாழ்ந்த லயமும் அவர்கள் கூடிய கடையும் நிற்கவில்லை.

எனினும் தடயம் முற்றாக அழிந்துவிடவில்லை. பழைய தோட்டங்களில் கோயில், கிணறு, லயத்தின் சிமெண்ட் படிகள், வரிசையாக நிற்கும் சில தென்னைகள் ஆகியவை குடியிருப்பின் வரைபடத்தை இன்றும் காட்டும். செம்பனைக்கு நடுவே காரணமில்லாமல் நிற்கும் தென்னைகளுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

மண்ணில் தென்படும் சிறு பொருள்களும் பேசும். கழுத்தில் கோலி அடைத்த சோடாப் புட்டி 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம். புட்டியின் பக்கவாட்டு அச்சுக்கோடு வாய்வரை ஏறியிருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டின் இயந்திரப் புட்டி. வாய்க்குக் கீழே கோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் அதற்கு முந்தைய கைவேலை. பற்கள் கொண்ட தகர மூடி 1892-க்குப் பிறகே உண்டு. சதுர வடிவிலான ஒரு காசு நாணயம் 1919-க்குப் பிந்தியது. ஆனால் தேடுகிறோம் என்று மண்ணைத் தோண்டக் கூடாது. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதி வேண்டும். தவிர, ஒரு பொருள் கிடந்த இடமும் ஆழமும் தெரியாவிட்டால் அதன் சாட்சி மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும். கண்ணில் பட்டதை அதே இடத்தில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை.

மிக அவசரமான சான்று மண்ணுக்குள் இல்லை, வீடுகளில் இருக்கிறது. கள்ளுக்கடை எந்தத் திசையில் இருந்தது, எத்தனை மணிக்குத் திறந்தது, யார் இறக்கினார், சம்பள நாளில் என்ன நடந்தது, யார் குடிக்க மறுத்தார், மறியலில் யார் நின்றார் என்பதை நேரில் கண்ட தலைமுறை எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தின் பெயர், ஆண்டு, சொல்பவரின் பெயர் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாலே அது ஆவணம். பழைய குடும்பப் படங்களின் பின்புறத்தில் பெயரும் இடமும் எழுதி வைத்தாலும் அது ஆவணம். கோயில் கணக்குப் புத்தகங்கள், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடுகள், தொழிற்சங்க அட்டைகள் போன்றவற்றைத் தூக்கி எறிவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ கேட்பது நல்லது.

கள்ளுக்கடையின் வரலாறு பெருமைக்குரிய வரலாறு அல்ல என்பதால் அதைப் பேசத் தயங்குவோர் உண்டு. ஆனால் கள் குடித்தவர்களின் வரலாறு மட்டும் அதில் இல்லை. கூலியைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள், கடை வாசலில் மறித்து நின்று அடிபட்ட இளைஞர்கள் ஆகியோரின் வரலாறும் அதிலேயே இருக்கிறது. துரைமார்கள் குடித்த இடத்துக்கு ஈப்போவில் சுவரும் பலகையும் உண்டு. தொழிலாளர்கள் குடித்ததும், குடிக்க மறுத்ததும், போராடியதும் நடந்த இடங்களுக்குச் சுவர் இல்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதி வைத்தால் மட்டுமே அவற்றுக்கு ஒரு முகவரி கிடைக்கும்.